வீட்டுக்குள் சேர்ந்து செய்யும் வேலைகள் குடும்பத்தை எப்படி நெருக்கமாக்குகின்றன?

குடும்பத்தோடு சேர்ந்து இருக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தவுடன் சென்னையில் இருக்கும் நம்மில் பெரும்பாலோர் வெளியே கிளம்பத்தான் திட்டமிடுகிறோம். பெசன்ட் நகர்க் கடற்கரை, வேளச்சேரியிலோ இராயப்பேட்டையிலோ ஒரு மால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை ஒரு பயணம் என்று ஞாயிற்றுக்கிழமைகள் கழிகின்றன. இவற்றில் தவறு எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கும் பிடித்திருக்கிறது, பெரியவர்களுக்கும் ஒரு மாற்றம் கிடைக்கிறது. ஆனால் குடும்பத்தினரிடையே நெருக்கத்தை வளர்ப்பது எது என்று ஆராய்ந்தவர்கள், அடிக்கடி வீட்டு வாசலுக்கு உள்ளேயே அதற்கான விடையைக் கண்டிருக்கிறார்கள். கூடத்திலும் அடுக்களையிலும் மொட்டை மாடியிலும் எல்லோரும் சேர்ந்து செய்யும் சாதாரண வேலைகளும் விளையாட்டுகளும் உறவுக்கு எப்படி உதவுகின்றன, அவற்றை எங்கிருந்து தொடங்குவது என்பதைப் புதிதாக யோசிப்பவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது.

2001ஆம் ஆண்டில் ரேமன் சப்ரிஸ்கி, பிரையன் மெக்கார்மிக் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், குடும்பங்கள் ஓய்வு நேரத்தில் சேர்ந்து ஈடுபடுபவற்றை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். வீட்டிலோ வீட்டை ஒட்டியோ, செலவு அதிகமில்லாமல், பெரிய திட்டமில்லாமல், அடிக்கடி நடப்பவை முதல் வகை: சேர்ந்து சாப்பிடுவது, ஆடுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்றவை. சுற்றுலா, சினிமா, பொருட்காட்சி என எப்போதோ ஒருமுறை பணமும் ஏற்பாடும் கோருபவை இரண்டாம் வகை. முதல் வகை குடும்பத்துக்கு நிலைத்தன்மையையும் பிணைப்பையும் தருகிறது. இரண்டாம் வகை புதிய சூழலுக்கு ஏற்பத் தங்களை மாற்றிக்கொள்ளும் பழக்கத்தைத் தருகிறது. இரண்டும் தேவை என்பதே அவர்கள் கருத்து. பின்னர் 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு, குடும்ப வாழ்வில் ஒருவர் எவ்வளவு நிறைவோடு இருக்கிறார் என்பதோடு மிக நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது முதல் வகைச் செயல்பாடுகளில் அவருக்குக் கிடைத்த நிறைவுதான் என்று கண்டறிந்தது.

இதைக் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். தொடர்பு இருக்கிறது என்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. ஏற்கெனவே இணக்கமாக இருக்கும் குடும்பங்கள்தாம் ஒன்றாக உட்கார்ந்து அதிகம் விளையாடுகின்றன என்றும் அதைப் படிக்கலாம். உண்மையில் இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்றே நான் நினைக்கிறேன். ஆகவே கேரம் பலகை வாங்கி வைத்தால் மனக்கசப்பு தீர்ந்துவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இணக்கம் வளர வாய்ப்புள்ள இடம் எது என்பதை இந்த ஆய்வுகள் தெளிவாகக் காட்டுகின்றன.

ஒரே அறையில் இருந்தால் போதுமா?

இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீட்டில் இரவு எட்டரை மணிக்கு நான்கு பேரும் கூடத்தில்தான் இருக்கிறார்கள். அப்பா அலுவலக வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார், மகள் காதில் இயர்போனுடன் இருக்கிறாள், பாட்டி தொடர் பார்க்கிறார், அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே மறுநாள் டிபனை யோசிக்கிறார். நால்வருக்கும் இடையே பத்தடி தூரம்கூட இல்லை. ஆனால் ஒருவர் கவனத்தில் மற்றவர் இல்லை. இதைச் சேர்ந்து இருப்பது என்று சொல்லலாமே தவிர, சேர்ந்து செய்வது என்று சொல்ல முடியாது.

வேறுபாட்டைப் புரிந்துகொள்ள உளவியலில் ஓர் எளிய கருத்து உண்டு. குழந்தை ஒரு வயதை நெருங்கும்போது ஒரு புதுப் பழக்கத்தைத் தொடங்குகிறது. சன்னலில் காக்கை வந்து உட்கார்ந்தால் அதைப் பார்க்கிறது, விரலை நீட்டுகிறது, பிறகு திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. அம்மாவும் காக்கையைப் பார்த்துவிட்டாரா என்று உறுதிசெய்துகொள்கிறது. “ஆமாண்டா கண்ணு, காக்கா!” என்று அவர் சொன்ன பிறகே அதற்கு நிறைவு. இருவர் ஒரே பொருளைக் கவனிப்பதோடு, தாம் ஒன்றாகக் கவனிக்கிறோம் என்பதையும் இருவரும் அறிந்திருக்கும் இந்த நிலையைக் கூட்டுக் கவனம் என்கிறார்கள். பெரியவர் பார்வை திரும்பும் பக்கம் குழந்தையின் பார்வையும் திரும்புவதை மைக்கேல் ஸ்கெய்ஃப், ஜெரோம் புரூனர் ஆகியோர் 1975இலேயே பதிவு செய்தார்கள். மொழி கற்பதும் பிறர் மனத்தைப் புரிந்துகொள்வதும் இந்த அடித்தளத்தின் மேல்தான் எழுகின்றன.

வளர்ந்த பிறகும் இந்தத் தேவை நம்மை விட்டுப் போவதில்லை. ஒரு சமையலையோ ஆட்டத்தையோ மாடித் தொட்டியில் முளைவிட்ட கத்தரிச் செடியையோ இருவர் ஒன்றாகக் கவனிக்கும்போது அவர்களுக்கிடையே பொதுவான ஒரு பொருள் உருவாகிறது. பேச்சு அதிலிருந்து தானாகவே கிளம்புகிறது. “இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?” என்று நேராகக் கேட்டால் “ஒண்ணுமில்ல” என்று பதில் சொல்லும் பையன், வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது தானாகவே வகுப்பில் நடந்ததைச் சொல்லத் தொடங்குவதைப் பல பெற்றோர் பார்த்திருப்பார்கள். கைக்கு வேலை இருக்கிறது, கண் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை, நடுவில் மௌனம் வந்தாலும் அது உறுத்துவதில்லை. விசாரணையாகத் தோன்றாத இடத்தில் பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள்.

தொலைக்காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. சேப்பாக்கத்தில் சூப்பர் கிங்ஸ் ஆடும் இரவில் வீடே கூச்சலிட்டுக்கொண்டு பார்ப்பதும் கூட்டுக் கவனம்தான். பந்துக்குப் பந்து பேச்சு இருக்கும்வரை அது நல்லதே. எல்லோரும் வாய் பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பயன் மிகக் குறைவு.

ஒவ்வொருவருக்கும் உண்மையான பங்கு

கூட்டுக் கவனம் முதல் படி. அதைவிட முக்கியமான அடுத்த படி, செய்யும் வேலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு இருப்பது. அந்தப் பங்கு இல்லாவிட்டால் வேலை நின்றுபோகும் அளவுக்கு அது உண்மையானதாக இருப்பது. பெரும்பாலான வீடுகளில் நல்ல எண்ணத்தோடு தொடங்கும் முயற்சிகள் தோற்பது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

2006இல் ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டோமசெல்லோ ஆகியோர் வெளியிட்ட ஆய்வு ஒன்று ஒன்றரை வயதுக் குழந்தைகளைப் பற்றியது. பெரியவர் ஒருவர் பொருளைக் கீழே தவறவிட்டு எட்ட முடியாமல் கையை நீட்டினால், யாரும் கேட்காமலேயே, பரிசு எதுவும் எதிர்பார்க்காமலேயே குழந்தைகளில் பெரும்பாலோர் போய் எடுத்துக் கொடுத்தார்கள். உதவ வேண்டும் என்ற விருப்பம் அத்தனை சிறு வயதிலேயே நம்மிடம் இருக்கிறது. வீடுகளில் என்ன நடக்கிறது? இரண்டு வயதுக் குழந்தை துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், “வெச்சிடு கண்ணா, போய் விளையாடு” என்கிறோம். மூன்று வயதில் மாவில் கை வைத்தால் தட்டி விடுகிறோம். அவசரம் நமக்கு, ஏழரைக்குப் பள்ளி வேன் வந்துவிடும். ஆனால் குழந்தைக்குக் கிடைக்கும் செய்தி, இந்த வேலை உன்னுடையது அல்ல என்பதே. பிறகு பன்னிரண்டு வயதில் தட்டைக்கூட எடுத்து வைப்பதில்லை என்று அதே பிள்ளையைக் குறை சொல்கிறோம்.

பார்பரா ரோகாஃப் என்ற ஆய்வாளர் குவாத்தமாலாவில் மாயா எனப்படும் பழங்குடி மக்களிடையே நீண்ட காலம் ஆராய்ந்து, அங்கே பிள்ளைகள் பெரியவர்களின் வேலைகளை அருகிலிருந்து கவனித்து, இயன்ற அளவு கைகொடுத்து, அப்படியே கற்றுக்கொள்வதை விளக்கியிருக்கிறார். தனியாகப் பாடம் நடத்துவது அங்கே குறைவு. பிள்ளை வீட்டின் உழைப்பில் ஓர் உறுப்பினராகவே நடத்தப்படுகிறது. இது நமக்குப் புதியதும் அல்ல. நம் பாட்டிமார்கள் அப்படித்தான் சமைக்கக் கற்றார்கள்.

வடாம் பிழியும் காலையை எடுத்துக்கொள்வோம். சென்னையின் சித்திரை, வைகாசி வெயில் மனிதருக்கு எத்தனை கொடுமையோ வடாத்துக்கு அத்தனை வசதி. பச்சரிசி மாவும் ஊறவைத்த ஜவ்வரிசியும் கொதிநீரில் வெந்து கூழாகும்போது அதை விடாமல் கிளறுவதற்கு வலுவுள்ள கை வேண்டும். அது அப்பாவின் வேலையாகலாம். பச்சை மிளகாய் விழுதும் பெருங்காயமும் எவ்வளவு என்பதைப் பாட்டி சொல்ல வேண்டும். உப்பு விஷயத்தில் அவருடைய நாக்கே இறுதித் தீர்ப்பு: கூழ் காய்ந்து சுருங்கும்போது உப்பு ஏறிவிடும் என்பதால், பச்சையாகச் சுவைக்கும்போது ஒரு கல் குறைவாகவே இருக்க வேண்டும் என்பதை அவர் அறிவார். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்த பிறகு, எலுமிச்சைச் சாறு பிழிந்து, வெயில் ஏறும் முன்பே எல்லாவற்றையும் மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய வேட்டியை விரித்து நான்கு மூலைகளிலும் செங்கல் வைப்பது, நாழியில் கூழை நிரப்பிக் கொடுப்பது, பிழிவது என வேலைகள் வரிசையாக நிற்கின்றன. பத்து வயதுப் பிள்ளை பிழிந்த வரிசை கோணலாகத்தான் இருக்கும். பொரித்தால் அதுவும் அதே மாதிரிதான் பொரியும். கடைசி வேலை காவல். கறுப்புக் குடை ஒன்றை விரித்து வைத்தாலும் காக்கைகள் இரண்டாம் நாளே பயம் தெளிந்துவிடும் என்பதால், நிழலில் உட்கார்ந்து விரட்ட ஒரு பிள்ளை தேவை. பாதி காய்ந்த வடாத்தை எடுத்துத் தின்பது அந்தக் காவலுக்கான கூலி. அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருப்பது பெரியவர்களின் பொறுப்பு.

இங்கே கவனிக்க வேண்டியது, ஒருவரும் உபரி இல்லை என்பதுதான். முழங்கால் வலியால் மாடி ஏற முடியாத பாட்டிக்குக்கூடப் பதம் சொல்லும் அதிகாரம் இருக்கிறது. சின்னவன் எழுந்து போய்விட்டால் காக்கை கொத்திவிடும் என்பது அவனுக்கும் தெரியும். தன்னை நம்பி ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்ற உணர்வை எத்தனை பாராட்டுச் சொற்களாலும் ஈடு செய்ய முடியாது. ஆறு மாதம் கழித்து மழைக்கால மதியம் ஒன்றில் அந்த வடாம் பொரிந்து தட்டில் விழும்போது, “இது நான் பிழிஞ்சது” என்று சொல்ல அவனுக்கு உரிமை இருக்கிறது. மாடியைப் பூட்டி வைக்கும் அடுக்குமாடிகளில் பால்கனியில் ஒரு தட்டு ஜவ்வரிசி வடாம் இட்டாலும் இதே பங்கீடு பொருந்தும்.

எந்தச் சமயத்தவர் வீட்டிலும் இதற்கு இணையான வேலை உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் பெரம்பூரிலும் சாந்தோமிலும் பல வீடுகளில் மாவைச் சிறு உருண்டைகளாக்கி முள்கரண்டியின் முதுகில் வைத்துச் சுருட்டிக் கல்கல் என்ற பலகாரம் செய்வார்கள். நூற்றுக்கணக்கில் செய்ய வேண்டியிருப்பதால் வீட்டில் இருக்கும் அத்தனை கைகளும் உட்கார்ந்தாக வேண்டும். ரமலான் மாதத்தில் திருவல்லிக்கேணி வீடுகளில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன் பழம் நறுக்குவதும் கஞ்சியைக் கிண்ணங்களில் ஊற்றி வரிசையாக வைப்பதும் பிள்ளைகளிடம் விடப்படும். நவராத்திரிக்குக் கொலுப்படி கட்டும் வீடுகளில், மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் இந்த ஆண்டு எந்த பொம்மை வாங்குவது என்று முடிவெடுக்கும் உரிமையை ஆண்டுக்கு ஒரு பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள்.

வழக்கமும் சடங்கும்

ஒருமுறை செய்வதால் நினைவு கிடைக்கும். திரும்பத் திரும்பச் செய்வதால்தான் பிணைப்பு கிடைக்கும். குடும்ப வழக்கங்கள் குறித்து ஐம்பது ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளை பார்பரா ஃபீஸும் அவருடைய குழுவினரும் தொகுத்து 2002இல் வெளியிட்டார்கள். அவர்கள் வழக்கத்தையும் சடங்கையும் பிரித்துப் பார்க்கிறார்கள். வழக்கம் என்பது ஆக வேண்டிய காரியம், முடிந்ததும் மறந்துபோகும். சடங்கு என்பது, நாம் இப்படிப்பட்ட குடும்பம் என்று உறுப்பினர்களுக்கு உணர்த்துவது. அது தவறினால் எதையோ இழந்ததுபோல இருக்கும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பது ஒரு வீட்டில் வெறும் வழக்கமாக இருக்கலாம். தாத்தா பேரனுக்கு உச்சியில் எண்ணெய் வைத்து, தன் சிறுவயதுக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டே தேய்த்துவிட்டு, குளித்து வந்ததும் மிளகு ரசம் என்று முறை வைத்துக்கொண்டால், அதே வேலை சடங்காகிவிடுகிறது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே நடக்கும் வழக்கங்களில் ஒன்றைச் சற்று நிதானமாக, இரண்டு பேர் சேர்ந்து, மாறாத நேரத்தில் செய்தால் போதும்.

விளையாட்டுகள்

வீட்டு விளையாட்டுகளின் சிறப்பு, அவை வயதைச் சமன் செய்வது. தாயக்கட்டை உருளும்போது அப்பாவுக்கும் ஏழு வயது மகளுக்கும் விதி ஒன்றுதான். பல்லாங்குழியின் பதினான்கு குழிகளிலும் பாட்டியை வெல்வது பொறியியல் படித்தவர்களுக்கும் எளிதல்ல. பரமபதத்தில் திறமைக்கு இடமே இல்லை என்பதால் மிகச் சிறிய பிள்ளைகளோடு ஆட அதுவே பொருத்தம்.

சென்னைக்கென்று ஒரு விளையாட்டைச் சொல்ல வேண்டுமானால் அது கேரம். ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை, நடுவில் ஒரு சிவப்பு, பலகை மீது தூவப் போரிக் பவுடர். இத்தனை குறைந்த செலவில் நான்கு பேரை ஒரு சதுரத்தைச் சுற்றி உட்கார வைக்கும் பொருள் வேறு இல்லை. எதிரெதிரே அமர்ந்தவர்கள் ஒரு கட்சி என்பதால் அண்ணனும் தங்கையும் ஒரே பக்கம் நின்று பெற்றோரை எதிர்க்கும் வாய்ப்பு அங்கே கிடைக்கிறது. ரெட் விழுந்த கையோடு தன் காய் ஒன்றையும் குழியில் தள்ளி ஃபாலோ போட வேண்டும் என்ற விதி இருப்பதால், வெற்றி உறுதி என்று நினைத்தவர் தவறவிடுவதும், தோற்றவர் மீண்டு வருவதும் ஆட்டத்துக்கு ஆட்டம் நடக்கிறது. தோல்வியைத் தாங்கிக்கொள்ளப் பிள்ளைகள் பழகுவதற்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. இரண்டு முறை உலகச் சாம்பியனாகி 1996இல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற காசிமா வடசென்னைப் பெண். அவருக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தவர் ஆட்டோ ஓட்டுநரான அவருடைய தந்தைதான். சதுரங்கத்திலும் இதே கதை உண்டு. விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் சதுரங்கம் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாயார். தொலைக்காட்சிப் பழக்கத்தைக் குறைக்க, வைஷாலியை அவருடைய பெற்றோர் சதுரங்கத்தில் சேர்த்தார்கள். அக்கா ஆடுவதைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தாவும் காய் நகர்த்தத் தொடங்கினார். 2023இல் அவர்கள் உலகின் முதல் அக்கா தம்பி கிராண்ட்மாஸ்டர்கள் ஆனார்கள்.

இந்தப் பெயர்களைச் சொன்னவுடன் ஓர் ஆபத்தும் வருகிறது. பிள்ளை ஆர்வமாக ஆடுவதைக் கண்டதும் பயிற்சி வகுப்பில் சேர்த்து, மதிப்பெண் அட்டவணை போட்டு, வீட்டு ஆட்டத்தையும் இன்னொரு டியூஷனாக மாற்றிவிடும் பழக்கம் நம் ஊரில் அதிகம். வகுப்பு தனியாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை இரவு கூடத்தில் நடக்கும் ஆட்டத்தில் யாரும் யாருக்கும் பயிற்சியாளர் அல்ல.

குடும்பக் கதைகள்

சென்னையில் வாழும் குடும்பங்களில் பெரும்பகுதி ஏதோ ஒரு தலைமுறையில் வேறு ஊரிலிருந்து வந்தவை. திருநெல்வேலி, தஞ்சாவூர், நெல்லூர், யாழ்ப்பாணம், பர்மா எனப் பூர்வீகம் பலவிதம். அந்தக் கதை பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறதா என்பது சிறிய விஷயம் அல்ல. எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் ஆகியோர் 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் இருபது எளிய கேள்விகளை உருவாக்கினார்கள். உன் தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், உன் பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள், நீ பிறந்தபோது என்ன நடந்தது என்பது போன்றவை. இவற்றுக்கு அதிகம் விடை தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் தன் வாழ்வு தன் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையும் கூடுதலாக இருந்தன. ஆனால் விடைகளை மனப்பாடம் செய்வதால் பயனில்லை என்பதையும் அவர்கள் வலியுறுத்துகிறார்கள்: உணவு வேளைகளிலும் பயணங்களிலும் அந்தக் கதைகள் மீண்டும் மீண்டும் சொல்லப்பட்ட சூழல்தான் பலனைத் தந்தது. வீட்டுக்குள் இதற்கு ஏற்ற தருணம் போகிக்கு முன் பரணைச் சுத்தம் செய்யும் நாள். பழைய புகைப்பட ஆல்பம், எப்போதோ காலாவதியான குடும்ப அட்டை, மங்கிப்போன கல்யாணப் பத்திரிகை எல்லாம் அங்கிருந்துதான் இறங்கும். அன்றைக்கு வேலை மெதுவாகவே நடக்கட்டும். வேலை போன கதையும், கடனில் மூழ்கி மீண்ட கதையும், 2015 வெள்ளத்தில் தரைத்தளத்து வீட்டில் எதைக் காப்பாற்றினோம் எதை விட்டோம் என்பதும் சொல்லப்பட வேண்டிய கதைகளே.

சுமை யாருக்கு?

இனி எல்லாவற்றையும்விட நேர்மையாகப் பேச வேண்டிய ஒன்று. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் ஒருவர் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் உழைத்தார். ஆண் 97 நிமிடங்கள். அந்த வேலைகளில் ஈடுபட்டவர்களே பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். இந்த நிலையில் “இந்த ஞாயிறு எல்லோரும் சேர்ந்து பிரியாணி செய்வோம்” என்று அப்பா அறிவித்து, முந்தின நாள் சாமான் வாங்கியதும் இஞ்சி பூண்டு அரைத்ததும் கடைசியில் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்த பாத்திரங்களைத் துலக்கியதும் அம்மாவாகவே இருந்தால், அது அவருக்கு வந்த கூடுதல் வேலைதான். நெருக்கத்துக்குப் பதில் மனத்தாங்கல்தான் மிஞ்சும். ஆகவே என்ன செய்வது என்று திட்டமிடுவதையும், பொருள் சேர்ப்பதையும், சுத்தம் செய்வதையும் செயலின் பகுதிகளாகவே கணக்கிட்டு முன்கூட்டியே பிரித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் சோப்புப் போட, ஒருவர் கழுவ, ஒருவர் துடைத்து அடுக்கும் அந்தக் கால் மணி நேரத்தில்கூட நல்ல பேச்சு நடக்கும். வாரம் முழுதும் அடுக்களையில் நிற்பவர், தனக்கு அன்று எந்த வேலையும் வேண்டாம், உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன் என்றால் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

வளரிளம் பிள்ளைகளும் நேரமின்மையும்

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் விலகி நிற்பது இயல்பு. அது குடும்பத்தின் மீதான வெறுப்பு அல்ல. கட்டாயப்படுத்தி உட்கார வைத்தால் முகம் சுளிப்பதைத் தவிர எதுவும் கிடைக்காது. அவர்கள் தேர்ச்சி பெற்ற ஒன்றில் அவர்களை ஆசிரியராக்குவது பலன் தருகிறது. தாத்தாவுக்கு யூபிஐ மூலம் பணம் அனுப்பவும், மோசடிக் குறுஞ்செய்தியை அடையாளம் காணவும் பேத்தி சொல்லிக்கொடுக்கட்டும். பாட்டியின் மீன் குழம்புச் செய்முறையைப் பேரன் கைபேசியில் படம் பிடித்துத் தொகுத்துக் கொடுக்கட்டும். பொறுமையைப் பெரியவர்களிடமிருந்து எதிர்பார்த்தே வளர்ந்தவர்கள், முதல் முறையாகப் பொறுமையைக் கொடுக்கும் இடத்துக்கு வருகிறார்கள்.

பழைய மாமல்லபுரம் சாலை அலுவலகங்களில் இரவுப் பணி செய்பவர்களும், தாம்பரத்துக்கு அப்பாலிருந்து மின்சார ரயிலில் தினமும் இரண்டு மணி நேரம் போய் வருபவர்களும் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பது நியாயமான கேள்வி. தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கூட முடியாவிட்டால் காலைக் காப்பியாக இருக்கலாம். வாரத்தில் ஒரே ஒரு நாள், இருபது நிமிடமாகக்கூட இருக்கலாம். நீளத்தைவிட நாள் தவறாமை முக்கியம். தொடக்கத்தில் ஒரே ஒரு செயலை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த நேரத்தில் அப்பா உட்பட அனைவரின் கைபேசிகளையும் வேறு அறையில் வைத்துவிட்டு, நான்கைந்து வாரம் நடத்திப் பாருங்கள். பிள்ளை உருட்டிய சப்பாத்தியை மறுபடி உருட்டித் திருத்தாதீர்கள். விளையாடும்போது மதிப்பெண் பேச்சையும், உறவினர் வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் பேச்சையும் எடுக்காதீர்கள்.

சேர்ந்து செய்யும் வேலையால் தீராத சிக்கல்களும் உண்டு. வீட்டில் அடி உதை இருந்தால், குடி இருந்தால், ஒருவர் நீண்ட நாளாகச் சோர்ந்து எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், விளையாட்டும் சமையலும் அதற்கு மருந்தாகாது. அவற்றில் கலந்துகொள்ளும்படி பாதிக்கப்பட்டவரை வற்புறுத்துவது அவருக்கு இழைக்கும் இன்னொரு கொடுமையாகிவிடும். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களில் உதவி கிடைக்கும்.

சேர்ந்து செய்யும் முயற்சி பலன் தருகிறதா இல்லையா என்பதைச் சில அடையாளங்களால் அறியலாம். யாரும் நினைவூட்டாமலேயே சின்னவர்கள் கேரம் பலகையை இறக்கி வைப்பார்கள்; விதியைப் பற்றிச் சண்டை வரும்; வெளியூர் போயிருக்கும் அண்ணன் தொலைபேசியில், “இந்த வாரம் யார் ஜெயிச்சாங்க?” என்று கேட்பான். மாறாக, ஒவ்வொரு முறையும் ஒருவரே எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டியிருந்தால், செயலையோ நேரத்தையோ மாற்றிப் பார்க்கலாம். பிள்ளைகள் வளர வளரப் பங்கும் வளர வேண்டும்: எட்டு வயதில் பட்டாணி உரித்தவளுக்குப் பன்னிரண்டில் தாளிக்கும் கரண்டியும், பதினாறில் ஒரு நாள் சமையலை முழுதாகத் தீர்மானிக்கும் பொறுப்பும், அதற்கான காசை எண்ணிக் கொடுத்து கோயம்பேடு வரை தாத்தாவோடு அனுப்பும் நம்பிக்கையும் கிடைக்க வேண்டும்.